வைல்ட்கேட் மூன்று வடிவங்கள்: எந்த எடையை எதோடு ஒப்பிடுவது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் க்ரம்மன் வைல்ட்கேட் போர் விமானத்துக்குப் பரவலாகப் புழங்கும் எடைகள் இவை:

எஃப்4எஃப்-3: வெற்று எடை (எரிபொருள், தோட்டா, விமானி இல்லாமல்) 2,423 கிலோ, சுமையோடு 3,176
எஃப்4எஃப்-4: வெற்று எடை 2,612, சுமையோடு 3,359 (சில நூல்களில் 3,607)
எஃப்எம்-2: வெற்று எடை 2,471, சுமையோடு 3,396

முதலில் வெற்று எடையைப் பாருங்கள். எஃப்4எஃப்-3-லிருந்து எஃப்4எஃப்-4-க்கு வரும்போது 189 கிலோ கூடியது. எஞ்சினோ அதே 1,200 குதிரைத்திறன்தான். கூடிய எடையில் பெரும்பங்கு இறக்கை மடக்கும் அமைப்புக்குப் போனது. ஹைட்ராலிக் முறையில் மடக்கிப் பார்த்துவிட்டு, எடையைக் குறைக்க ஆட்களே கையால் மடக்கும் முறைக்கு மாறிய பிறகும் இவ்வளவு கூடியது. பலன் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் கிடைத்தது: 11.6 மீட்டர் இறக்கை அகலம் 4.4 மீட்டருக்குள் அடங்கியது. 1942 மிட்வே கடற்போரில் என்டர்பிரைஸ் கப்பல் 27 வைல்ட்கேட்களை ஏற்றிச் செல்ல முடிந்தது இதனால்தான். விலையாக, மேலேறும் வேகம் குறைந்தது.

துப்பாக்கிக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். 4-இல் துப்பாக்கி ஆறு, 3-இல் நான்கு. ஆறு என்றதும் சுமை ஏறியிருக்கும் என்று தோன்றும். ஆனால் 3-இல் துப்பாக்கிக்கு 450 தோட்டா, மொத்தம் 1,800. 4-இல் துப்பாக்கிக்கு 240, மொத்தம் 1,440. இணைப்பு வளையத்தோடு 100 தோட்டா சுமார் 13.6 கிலோ. அப்படியானால் குறைந்த 360 தோட்டாவில் 49 கிலோ மிச்சம், கூடிய இரண்டு துப்பாக்கியில் சுமார் 58 கிலோ அதிகம். எடை ஏறக்குறைய சமன். சுடும் நேரமோ 34 வினாடியிலிருந்து 18-க்குச் சரிந்தது. ஜிம்மி தாச் போன்ற விமானிகள் இதை எதிர்த்தது முற்றிலும் நியாயம்.

இனி அந்த 3,359-ஐச் சோதிப்போம். முழுத் தொட்டி 144 காலன் பெட்ரோல் 392 கிலோ, தோட்டா 196, ஆறு துப்பாக்கி சுமார் 174, பாராசூட்டோடு விமானி 90, எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 35. கூட்டினால் 887. வெற்று எடைக்கும் 3,359-க்கும் இடையே இருப்பதோ 747 கிலோதான். ஆக, அந்த எண்ணில் துப்பாக்கிகள் வெற்று எடையிலேயே சேர்ந்திருக்க வேண்டும், அல்லது தொட்டி நிரம்பாமல் இருந்திருக்க வேண்டும். 3,607-இல் இடைவெளி 995; எல்லாம் அடங்கி, ரேடியோ, குறிநோக்கி, உயிர்காப்பு மிதவைக்கும் இடம் இருக்கிறது. முழுச் சுமைக்கு நான் எடுப்பது இதைத்தான். ஒரு வடிவத்தின் 3,607-ஐ இன்னொன்றின் 3,176-க்கு எதிரே வைத்தால் ஒப்பீடே பிழை.

எஃப்எம்-2-க்கும் இறக்கை மடங்கும். ஆனால் துப்பாக்கி மீண்டும் நான்கு. உயரத்தில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்திச் செலுத்தும் இரண்டு அடுக்குச் சூப்பர்சார்ஜரும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் கருவியும் போய், ஒற்றை வரிசை ரைட் எஞ்சின் 1,350 குதிரைத்திறனோடு வந்தது. வெற்று எடையில் 141 கிலோ இறங்கியது. குதிரைத்திறனுக்கு வெற்று எடை என்று வகுத்தால் மூன்றும் முறையே 2.02, 2.18, 1.83 கிலோ. சிறு விமானந்தாங்கிகளின் குட்டைத் தளத்துக்கு இதுவே பொருந்தியது. உயரத்தில் மட்டும் எஞ்சின் மூச்சு வாங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, எதிரியான ஜப்பானின் ஜீரோ ஏ6எம்2 போர் விமானம்: வெற்று எடை 1,680, சுமையோடு 2,410 கிலோ. அதில் விமானிக்குக் கவசமும் இல்லை, குண்டு துளைத்தால் தானே மூடிக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை.