குடும்பப் பயணத்தில் ரோடு பைக்: உள்சட்டம் கொண்ட துணிப்பை ஒன்றின் மதிப்பீடு

குடும்பத்துடன் ஒரு பெருநகரத்துக்குச் செல்லும்போது ரோடு பைக்கையும், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான இலகுவான மிதிவண்டியையும், விமானத்தில் கொண்டுசெல்ல விரும்புபவர், வண்டிக்கு எந்தப் பை அதிகப் பாதுகாப்பு தரும் என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் பயணம் முழுவதும் அதற்காக வருந்த நேரிடும். அந்தப் பை குடும்பத்தாரின் நேரத்திலும் இடத்திலும் எவ்வளவைப் பிடித்துக்கொள்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே அலுமினியச் சட்டமும் வெளியே தடித்த துணியும் கொண்ட பை ஒன்றை இரண்டு ஆண்டுகளில் மூன்று விமானப் பயணங்களில் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். மூன்றிலும் என் மனைவியும், பத்து வயது மகளும், நான்கு வயது மகனும் உடன் வந்தனர்.

இதற்கு முன்பு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கடின நெகிழிப் பெட்டியில் வண்டியைக் கொண்டுசென்றிருந்தேன். வண்டிக்கு ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் விமான நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்ல ஒரு காருக்குப் பதில் இரண்டு கார்கள் தேவைப்பட்டன. ஐந்து நாள்களும் அந்தப் பெட்டி கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே நின்றதால், இரவில் மகனைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் செல்வதே என் மனைவிக்குப் பெரும்பாடாகிவிட்டது. காலையில் நான் ஓட்டிய இரண்டு மணி நேரத்துக்காக மற்ற மூவரும் நாள் முழுவதும் அந்தப் பெட்டியைச் சகித்துக்கொண்டிருந்தார்கள். அது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது.

துணிப்பையின் முதன்மையான சிறப்பு, வண்டியை வெளியே எடுத்த பிறகே தெரிகிறது. சட்டத்தைத் தனியே கழற்றிவிட்டால் பை மடிந்து, கட்டிலுக்கு அடியில் சென்றுவிடுகிறது. வண்டியுடன் இருக்கும்போது நான் அளந்த வரையில் நீளம் 130 செ.மீ., உயரம் 85 செ.மீ., அகலம் 30 செ.மீ.; பின் இருக்கை மடியும் பெரிய கார் ஒன்றில் நால்வரும் பையும் ஒன்றாகச் செல்ல முடிந்தது. வெறும் பையின் எடை 8.5 கிலோ, என் வண்டியின் எடை 8.8 கிலோ; தலைக்கவசம், காலணி, கருவிகள் யாவும் சேர்ந்தும் 21 கிலோவைத் தாண்டவில்லை. பல விமான நிறுவனங்கள் ஒரு பொதிக்கு வைக்கும் 23 கிலோ வரம்புக்குள் இது அடங்குகிறது. எனினும் நீளம், உயரம், அகலம் மூன்றையும் கூட்டினால் 245 செ.மீ. வருவதால், வழக்கமான 158 செ.மீ. வரம்பைப் பெரிதும் மீறுகிறது. ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே விளையாட்டுக் கருவி என்று பதிவுசெய்வது இன்றியமையாதது. குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டு பொதி ஏற்கும் ஊழியரிடம் இதைப் பற்றிப் பேச நேர்வது எவருக்கும் வேண்டாம்.

வண்டியை உள்ளே பொருத்தும் முறை நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கும் பின்சக்கரம் பூட்டும் இடமும் பையின் சட்டத்தோடு இறுக்கப்படுகின்றன, சக்கரத்தைப் பூட்டும் இரு முறைகளான 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் என்ற திருகு அச்சுக்கும் பழைய குவிக் ரிலீஸ் என்ற நெம்புப் பூட்டுக்கும் தனித்தனி இணைப்புகள் உடன் வருகின்றன. சக்கரங்கள் இரண்டும் பக்கவாட்டு உறைகளில் செல்கின்றன. பெடல்களைக் கழற்றுவதில்தான் முதல்முறை பலரும் தடுமாறுவார்கள், ஏனெனில் இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்தது. ஸ்பேனரின் பிடியை மேலே நிற்கும்படி வைத்துப் பின்சக்கரம் இருக்கும் பக்கம் தள்ளினால் இரண்டுமே கழலும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு, அடிபட்டால் வண்டியின் சட்டத்துக்கு முன் தான் வளைய வேண்டும் என்பதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்படுவது. துணிப்பையில் அதற்குத்தான் ஆபத்து அதிகம். தயாரிப்பாளரின் குறிப்பேடு கியர் மாற்றியைக் கழற்றத் தேவையில்லை என்கிறது. அதை நம்பிச் சென்ற முதல் பயணத்தில் ஹேங்கர் சற்றே வளைந்து, பெரிய பல்சக்கரத்துக்கு மாறும்போதெல்லாம் செயின் உரசியது. அதன் பிறகு கியர் மாற்றியை ஆலன் போல்ட் என்ற அறுகோணக் குழித் திருகு ஒன்றை மட்டும் தளர்த்திக் கழற்றி, துணியில் சுற்றி, செயினோடு வண்டிச் சட்டத்தின் உட்பக்கமாகக் கட்டிவைக்கிறேன். கூடுதலாக ஆவது மூன்று நிமிடம். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் மாற்று ஹேங்கர் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் சென்ற இடத்தில் உடனே கிடைப்பது அரிது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தட்டு பிரேக்) உள்ளவர்கள் சக்கரத்தை எடுத்ததும், தட்டை இருபுறமும் அழுத்தும் பேட்களுக்கு நடுவே நெகிழித் தகட்டைச் செருக மறக்கக்கூடாது. பயணத்தில் பிரேக் பிடி அழுந்திவிட்டால் பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அவற்றைப் பிரிப்பதில் காலை நேரம் கழிந்துவிடும்.

டயர் வெடித்துவிடும் என்று அஞ்சிக் காற்று முழுவதையும் இறக்கிவிடுவோர் உண்டு. பயணிகள் விமானங்களில் பொதி வைக்கும் அறையும் அழுத்தம் கூட்டப்பட்டதே. அங்குள்ள அழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்துக்கு நிகராகக் குறைந்தாலும், டயரில் கூடுவது ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) மட்டுமே. ஊழியர்கள் கேட்பதால் பாதியளவு இறக்கிவிடுகிறேன், சக்கரத்தின் விளிம்பான ரிம்முக்குக் காப்பாக மீதியை விட்டுவைக்கிறேன். மின்சாரத்தில் இயங்கும் கியர் உள்ள வண்டிகளில் கழற்றி எடுத்த கியர் பேட்டரிகளையும் உபரி லித்தியம் பேட்டரிகளையும் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். காற்றடைக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை என்பதால், அவற்றைத் தவிர்த்துவிட்டுச் சிறிய கைப்பம்பையே எடுத்துச் செல்கிறேன்.

விடுதி அறையில் வண்டியை மீண்டும் பூட்ட இப்போது எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. முதல் நாள் இரவு குழந்தைகள் உறங்கிய பின் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறேன். பையின் சட்டத்தைத் தரையில் வைத்தால் அதுவே வேலை செய்யும் தாங்கியாகவும் உதவுகிறது, கம்பளத்தில் எண்ணெய்க் கறை படுவதில்லை. பெருநகரத்தில் ஓட்டத் தகுந்த நேரம் விடியலுக்குச் சற்று முன்னும் பின்னுமான இரண்டு மணி நேரமே. போக்குவரத்து பெருகுவதற்குள் ஆற்றங்கரையையோ பெரிய பூங்காவின் சுற்றுப்பாதையையோ முடித்துக்கொண்டு, குழந்தைகள் கண்விழிக்கும்போது அறைக்குத் திரும்பிவிட்டால் அந்த நாள் முழுவதும் அவர்களுடையது. சென்ற பயணத்தில் என் மகள் மூன்றாம் நாள் காலை விழித்துக்கொண்டு, தலைக்கவசத்தை எடுத்து நீட்டி, "அப்பா, நேத்து பார்த்த பாலத்துக்கா போறீங்க?" என்று கேட்டாள். கடினப் பெட்டியோடு சென்ற பயணத்தில் அப்படி ஒரு காலை அமையவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பையின் உருளைகள் மிகச் சிறியவை. வழுவழுப்பான தரையில் நன்றாக ஓடினாலும், கல் பாவிய நடைபாதையில் ஒரு கையில் மகனையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டு செல்வது கடினம். இரண்டாம் பயணத்தின் முடிவில் மூலையில் ஜிப்பின் தையல் விட்டுப்போனது. தைத்துக் கொடுத்தார்கள் என்றாலும் அதற்கு ஆறு வாரம் ஆனது. சக்கர உறைகளில் உள்ள நுரைத்தகடு, பிரேக் தட்டான டிஸ்க் ரோட்டாரைக் காக்கப் போதாது. ரோட்டார்களைக் கழற்றித் தனியே வைப்பதே நல்லது.

ஹேண்டில்பாரும் அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக அமைந்து, பிரேக் குழாய்கள் அதற்குள்ளேயே செல்லும் புதிய வண்டிகளுக்கு வாங்கும்முன், ஹேண்டில்பாரைத் திருப்பாமலே வைக்கும் அளவுக்குப் பை அகலமானதா என்று அளந்து பாருங்கள். இந்தப் பை அப்படிப்பட்டதல்ல. பயணத்தில் ஒன்றிரண்டு காலைப்பொழுதுகள் மட்டுமே கிடைக்குமானால் சென்ற இடத்தில் வாடகைக்கு எடுத்து, பெடல்களையும் காலணியையும் மட்டும் கொண்டுபோவது சுலபம். நான்கு காலைகளுக்கு மேல் என்றால் இந்தப் பையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஐந்து நட்சத்திரங்களுக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று அந்த உருளைகளுக்காக.