அடுப்படிக்கு எம்.ஆர். பிளைவுட்டா, மரைன் பிளைவுட்டா?

மதுரையில் வீடு கட்டுவோர் பலர் பிளைவுட்டின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதன் மரத்தாள்களை ஒட்டியிருக்கும் பிசின் எது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலையில் வரும் எம்.ஆர். (ஈரம் தாங்கும்) வகையில் பொதுவாக யூரியா பார்மால்டிஹைடு பிசின் பயன்படுகிறது. இது காற்றின் ஈரத்தைத் தாங்கும். தேங்கும் நீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 தரநிலையின் மரைன் (கப்பல், படகு வேலைக்கான) வகையிலோ பீனால் பார்மால்டிஹைடு பிசின் உள்ளது. அதன் மாதிரித் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் ஒட்டு விடாமல் இருந்தால்தான் அத்தரம் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் ஏறும் வீட்டிலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயும் எம்.ஆர். பலகை ஓரங்களில் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து, கீல் திருகுகளின் பிடிப்பை இழந்துவிடும். அங்கே மரைன் வகையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். படுக்கையறை அலமாரிக்கு எம்.ஆர். போதும்.

உடல்நலமும் முக்கியம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதென வகைப்படுத்திய பார்மால்டிஹைடு வாயு, வெப்பமும் ஈரமும் கூடும்போது யூரியா பிசினிலிருந்து அதிகமாகக் கசியும். பீனால் பிசினில் இக்கசிவு மிகக் குறைவு. நம் சித்திரை வெயிலில் அடைத்துக் கிடக்கும் அறைகளை எண்ணிப்பார்த்தால் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆகவே எம்.ஆர். வாங்குவோர் இவ்வாயுக் கசிவு குறைவு என்பதைக் குறிக்கும் இ1 உமிழ்வுத் தரத்தைக் கேட்டு வாங்கி, அறுத்த ஓரங்களையெல்லாம் மூடி ஒட்டச் சொல்லுங்கள்.

மரைன் வாங்குவோர், பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 710 என்ற எண்ணும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்பதை, தச்சர் அறுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.