ராணுவ ஏல ஜிப்ஸி வாங்கப் போகிறீர்களா? படிவம் 21-ஐப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

"மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி, கம்மி விலை, பேப்பர் கிளியர்" என்று ஜிப்ஸி, பழைய ஜீப், ஜோங்கா என்ற ராணுவ ஜீப் படங்கள் கொங்குப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அப்படி ஒரு ஜிப்ஸிக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டு, அதற்குச் சட்டப்படி நம்பர் வாங்கவே முடியாது என்ற நிலையில் எங்கள் குடும்பம் நிற்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் வண்டியை விற்ற யார்டின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை முழுவதுமாக எழுதுகிறேன். இதே முறையில் இன்னும் பல இடங்களில் வியாபாரம் நடக்கிறது.

கொல்லிமலையில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கின்றன. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகும் தோட்டம் வரை மண் பாதைதான். ஐப்பசி மழையில் சாதாரண வண்டி பாதியிலேயே நின்றுவிடும். மூட்டைகளை ஆள் வைத்துத் தலைச்சுமையாக இறக்க வேண்டியிருக்கிறது. எடை குறைவு, நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், நான்கு சக்கர இழுவை என்று அந்தப் பாதைக்கு ஜிப்ஸி மாதிரி இன்னொரு வண்டி கிடையாது. மாருதி 1985 கடைசியில் கொண்டுவந்த வண்டி அது. பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சிவில் நம்பரில் நல்லதாக ஒன்று கிடைத்தால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் ராணுவம் கழித்த வண்டியைத் தேடினோம். கோவைக்கு வெளியே இருக்கும் ஒரு யார்டைப் பற்றித் தெரிந்தவர் சொன்னார்.

அப்பாவும் நானும் போனோம். நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமாவும் உடன் வந்தார். யார்டில் வரிசையாகப் பச்சை வண்டிகள். உரிமையாளர் அப்பாவிடம், "ஆர்மி டெப்போல இருந்து நேரா ஏலத்துல எடுத்ததுங்க ஐயா. ஆபீசர் ஓட்டுன வண்டி, மலையே பாத்திருக்காது" என்றார். மாமா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "வண்டி கெடக்கட்டுங்க, பேப்பர் என்ன வெச்சிருக்கீங்க?" என்று முதலில் கேட்டது அவர்தான்.

அவர் காட்டியவை மூன்று. அரசுத் துறைகள் கழித்த பொருள்களை ஏலம் விடும் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் சின்னம் போட்ட ஏலப் பட்டியலின் முதல் பக்கம். ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் போடப்பட்ட விற்பனை ஆணையின் நகல். சேசிஸ் எண்கள் வரிசையாக இருந்த ஒரு தாள். அதில் எங்கள் வண்டியின் எண்ணும் இருந்தது. வண்டிப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசின் வாஹன் தளத்தில் தேடினோம், ஒன்றும் வரவில்லை. "மிலிட்டரி வண்டி வாஹன்ல வராதுங்க, அவங்களுக்குத் தனிப் பதிவு" என்றார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் சொன்னது உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-ஆம் பிரிவுப்படி பாதுகாப்புத் துறை தன் வண்டிகளைத் தானே பதிவு செய்துகொள்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறி கொண்ட அந்த எண்களுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் தொடர்பு இல்லை. திருட்டு வண்டியா, எண் மாற்றிய வண்டியா என்று ஒரு சாதாரண ஆள் சரிபார்க்க வழியில்லாத இந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மையாக இருப்பதால் வண்டி விவரம் தெரிந்தவர்கள்கூட நம்பிவிடுகிறார்கள்.

படிவம் 21 எங்கே என்று மாமா கேட்டார். டெப்போவில் கையெழுத்துக்குப் போயிருக்கிறது, ஒன்றரை மாதத்தில் வரும், நம்பர் வாங்கித் தருவது வரை தன் பொறுப்பு என்று யார்டு ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டிக்கு 2,60,000 ரூபாயும், ஆர்.டி.ஓ. செலவு என்று தனியாக 35,000 ரூபாயும் வங்கி வழியாகவே அனுப்பினோம்.

படிவம் 21 என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எந்தப் புது வண்டியையும் முதல்முறை பதிவு செய்யும்போது விற்றவர் தரும் விற்பனைச் சான்றிதழ் அது. ராணுவம் ஏலம் விட்ட வண்டியாக இருந்தால் அதைப் பாதுகாப்புத் துறை அதிகாரி கொடுக்க வேண்டும் என்று அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 47-ஆம் விதி, முன்னாள் ராணுவ வண்டியைப் பதிவு செய்ய அதன் அசலைக் கேட்கிறது. நகல் செல்லாது. ஏலம் எடுத்த நிறுவனம் தன் லெட்டர்பேடில் அடித்துத் தரும் சான்றும், நோட்டரி பத்திரமும் செல்லாது.

ஒன்றரை மாதம் கழிந்தும் வரவில்லை. போன் செய்தால் இன்று நாளை என்றார்கள். கடைசியில் கூரியரில் ஒரு படிவம் 21 வந்தது. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. கையெழுத்துப் போட்டவரின் பெயரோ பதவியோ இல்லை. அதை எடுத்துக்கொண்டு வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் படிவத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டச் சொன்னார். எண்ணைச் சுற்றிச் சதுரமாக வெல்டிங் கோடு தெரிந்தது. வேறொரு வண்டியின் சேசிஸ் சட்டத்திலிருந்து எண்ணோடு தகட்டை வெட்டி எடுத்து இதில் பற்றவைத்து, கிரைண்டர் பிடித்து, பட்டி பூசி, மேலே பச்சை அடித்திருக்கிறார்கள். "பெரியவரே, இத வெளிய ஓட்டாதீங்க. மொதல்ல போலீஸ்ல புகார் குடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அந்த அதிகாரி அன்று நிதானமாக எடுத்துச் சொன்னதற்கு எங்கள் குடும்பம் நன்றியோடு இருக்கிறது. எண் திருத்திய வண்டியை வைத்திருப்பவர் மேலேயே முதலில் சந்தேகம் விழும்.

விற்பனை ஆணையின் நகலில் லாட் எண்ணும் (ஒன்றாகச் சேர்த்து ஏலம் விட்ட தொகுதியின் எண்) டெப்போ பெயரும் இருந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து டெப்போவுக்கே எழுதினேன். இந்த லாட்டில் இருந்தவை ஓட்டக்கூடிய வண்டிகளாக விற்கப்பட்டனவா, உடைப்பதற்காக விற்கப்பட்டனவா, படிவம் 21 எதற்காவது கொடுக்கப்பட்டதா என்பவைதான் கேள்விகள். பதில் தெளிவாக வந்தது. அந்த லாட் முழுவதும் உடைப்பதற்காக, பதிவு பெற்ற வாகன உடைப்பு மையம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. எந்த வண்டிக்கும் படிவம் 21 கொடுக்கப்படவில்லை. யார்டில் எங்களுக்குக் காட்டாத பட்டியலின் மற்ற பக்கங்களில் இந்த நிபந்தனைதான் இருந்திருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட மாற்றம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல், 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவற்றைப் பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் வழியாகத்தான் அழிக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் செயல்பாட்டில் இருக்கும் கவச வண்டிகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் இனி உதவாது என்று கழித்த பழைய வண்டிகளுக்கு, உடைப்பு மையங்கள் மட்டுமே கலந்துகொள்ளக்கூடிய தனி ஏலங்களை எம்.எஸ்.டி.சி. நடத்துகிறது. அங்கே போகும் வண்டி முழுதாக வெளியே வரக்கூடாது. சேசிஸ் எண் உள்ள துண்டை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2021-இல் வந்த உடைப்பு மைய விதிகள் சொல்கின்றன. எங்களுக்கு வந்தது, அப்படிப் பத்திரப்படுத்த வேண்டிய எண் துண்டைப் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து பற்றவைத்த வண்டி.

ஆகவே இந்த மாதிரி வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அரசு இதை வண்டியாக விற்றதா, இரும்பாக விற்றதா? பட்டியலின் எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள். லாட் விவரிப்பையும் சிறப்பு நிபந்தனைகளையும் வரி விடாமல் படியுங்கள். காட்ட மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஏலத்தையே குறை சொல்ல நான் வரவில்லை. எம்.எஸ்.டி.சி. 1964-இல் தொடங்கிய, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய பொதுத்துறை நிறுவனம். உடைப்பு மையங்களுக்கு மட்டும் என்று ஒதுக்காத ஏலம் என்றால், அதில் பதிவு செய்து, முன்வைப்புத் தொகை கட்டி, பட்டியலில் குறித்த நாளில் டெப்போவுக்கே போய்ப் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு யாரும் ஏலம் கேட்கலாம். உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில், பின்னால் புகார் கிடையாது என்பதுதான் அங்கே அடிப்படை நிபந்தனை. கேட்ட தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தரை வாடகை ஏறும். குறைந்தபட்ச விலைக்குக் கீழே கேட்டால் துறையின் ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பல வண்டிகள் சேர்ந்து ஒரே லாட்டாக வருவதால் தனி ஆள் எடுப்பது கடினம். இடைத்தரகர்கள் நுழைவது இங்கேதான். ஒரு லாட்டின் ஒரே விற்பனை ஆணையை நகலெடுத்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். எங்களுக்குக் காட்டிய அதே தாளை வேறொரு ஊரில் வேறொருவருக்கும் காட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"சிவில் ஆர்.சி.யோடவே தர்றோம்" என்று சொன்னால் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய ஆபரேஷன் நும்கோர் சோதனைகளைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பூட்டானிலிருந்து கொண்டுவந்த பழைய வண்டிகளுக்கு இந்திய ராணுவம், தூதரகங்கள் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணம் தயாரித்து, வெளி மாநிலங்களில் பதிவு செய்து விற்றதாகச் சுங்கத் துறை சொன்னது. முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். ஆர்.சி. கையில் வைத்திருந்தவர்களின் வாசலிலிருந்தே வண்டிகள் போயின. முதல் பதிவு வடகிழக்கிலோ இமாச்சலிலோ இருந்து, கை மாறிக் கை மாறி வந்த முன்னாள் ராணுவ வண்டி என்றால், அந்த முதல் பதிவு அலுவலகத்துக்கே எழுதி எந்த ஆவணத்தின் பேரில் பதிவு செய்தார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியதையும் மாமா சொன்னபடி எழுதிவிடுகிறேன். புதுப் பச்சை பெயிண்ட் என்றாலே சந்தேகப்படுங்கள். ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறைக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட நிறம், 121-ஆம் விதி. சிவில் பதிவுக்குப் போகும் வண்டிக்கு அதை மறுபடி அடிக்க எந்தக் காரணமும் இல்லை. சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பாடியிலும் சேசிஸ் சட்டத்திலும் ஓட்டிப் பாருங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பின் ஸ்பிரிங் மாட்டும் ஷேக்கிள் பகுதியிலும், பாடி சட்டத்தில் உட்காரும் ரப்பர் மவுண்ட்களிலும் துரு முதலில் பிடிக்கும். சேசிஸ் எண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் தெரிந்தால் போதும். ஜிப்ஸி கிங்கில் இருப்பது எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சின் குடும்பம்தான். அதனால் உடைத்த எஸ்டீம் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எஞ்சின் எண்ணை டெப்போ பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாகச் சின்ன ஷாஃப்ட்டில் இணைந்திருக்கும். அதன் மவுண்ட் போயிருந்தால் ஓட்டும்போது அடியில் உறுமும். முன் அச்சின் இரு முனையிலும் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. எங்கள் வண்டியில் இவை எல்லாமே நன்றாக இருந்தன. ஓடும், இழுக்கும், ஏறும். பதிவு இல்லாததால் இன்சூரன்ஸ் போட முடியாது. 39-ஆம் பிரிவுப்படி பொது இடத்தில் ஓட்டவும் முடியாது. தோட்டத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சிலர் யோசனை சொன்னார்கள். எண் திருத்திய வண்டி எங்கே நின்றாலும் அது தடயப் பொருள்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

ஏமாற்றியதற்கும் போலி ஆவணம் தயாரித்ததற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336 பிரிவுகளைக் குறிப்பிட்டுக் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் தனியாக மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் இல்லை. இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். யார்டுக்காரர் முதலில் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வண்டி திரும்பப் போனால் இன்னொருவருக்கு விற்கப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

இதே மாதிரி முன்பணம் கொடுத்துவிட்டுப் படிவம் 21-க்காகக் காத்திருப்பவர்கள் மேற்கொண்டு எந்தத் தொகையும் அனுப்ப வேண்டாம். வண்டியையும் கையில் எடுக்க வேண்டாம். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். லாட் எண்ணைக் குறிப்பிட்டு டெப்போவுக்கு இன்றே எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் அவகாசம். "இன்னைக்கு நாளைக்கு" என்று அவர்கள் கடத்தும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.