கவுட் நோய்க்குக் கஷாயமா, மாத்திரையா?

உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிகுந்த சாளையும் நெத்திலியும் அன்றாடக் குழம்பாகும் பாம்பன், மண்டபம் பகுதியில், கால் பெருவிரல் மூட்டு ஓர் இரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கவைக்கும் கவுட் வந்தவர், ஆயுர்வேதமா அலோபதியா என்று தயங்குவது இயல்பே.

அலோபதியில், வலி எழும்போது கோல்சிசின் அழற்சியைத் தணிக்கிறது. நீண்டகாலத்துக்கான அலோபியூரினால் என்ற மாத்திரை, பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும்வரை படிப்படியாகக் கூட்டப்படுகிறது. அந்நிலையில் மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்கள் மெல்லக் கரைகின்றன. பலனைப் பரிசோதனையால் சரிபார்க்க முடிவதே இதன் பெரும் வலிமை.

ஆயுர்வேதம் இதை வாதரக்தம் என்று தான் சொல்லும் மூட்டு நோயோடு ஒப்பிட்டு, சீந்தில் கொடியின் கஷாயமும் கைசோர குக்குலு என்ற மருந்தும் தருகிறது. மது விலக்கும் பத்தியம் இரண்டுக்கும் பொது. எனினும், படிகங்களைக் கரைப்பதில் மாத்திரைக்குள்ள அளவு சான்று கஷாயத்துக்கு இல்லை. சீந்திலால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. ஆகவே மாத்திரையை நிறுத்தாமல், இரு மருத்துவரும் அறியவே கஷாயத்தைச் சேர்ப்பதுதான் சரி என்பேன். கோல்சிசின் செங்காந்தள் கிழங்கிலும் உண்டு என்பதற்காக அதை வீட்டில் அரைத்துக் குடிப்பது உயிருக்கே ஆபத்து.