கப்பலில் நம் பாட்டிலுக்கு என்ன மரியாதை?

நாம் கையோடு கொண்டுபோகும் ஒரு பாட்டில் ஒயினை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தே ஒரு சொகுசுக் கப்பலின் தரத்தைப் பாதி சொல்லிவிடலாம். இந்தமுறை நானும் கணவரும் போன கப்பல் இந்த விஷயத்தில் சாப்பாட்டு மேசையில் மனதை நிறைத்தது; கடைசி நாளில் எரிச்சலைக் கிளப்பியது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பெரிய கப்பல்களில் பெரும்பாலும் இருக்கும் விதிகள்தான் அதிலும் இருந்தன. அவற்றை எப்படி நடைமுறைப்படுத்தினார்கள் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில் விதி. வெளியிலிருந்து மதுபானம் கொண்டுவரக் கூடாது என்பதுதான் பொதுவான நிலை. அதில் ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும் மட்டும் ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்கள், சட்டப்படி மது அருந்தும் வயதுள்ள ஒவ்வொருவரும் சீல் உடைக்காத 750 மில்லி பாட்டில் ஒன்றை, ஏறும் நாளில், கைப்பையில் கொண்டுவரலாம் என்கின்றன. நார்வீஜியன் ஒயினுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு 750 மில்லி பாட்டிலுக்கும் 15 டாலர் வாங்கிக்கொள்கிறது. டிஸ்னி இன்னும் தாராளம்: ஆளுக்கு இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர். வைகிங் கப்பல்களில் நாம் வாங்கிவரும் பாட்டிலைத் திறந்து குடிக்கத் தனிக் கட்டணமே கிடையாது. எம்.எஸ்.சி. கப்பல்களிலோ வெளி மதுவுக்கு இடமே இல்லை. இந்த விதிகள் அவ்வப்போது மாறுபவை. நண்பர் சொன்னார், போன வருடம் இப்படித்தான் இருந்தது என்று நம்பிப் போகாதீர்கள். டிக்கெட் எடுத்த பிறகு அந்த நிறுவனத்தின் விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் கப்பலில் ஆளுக்கு ஒன்று. எனவே இரண்டு பாட்டில்: ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை.

இங்கே விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் பொதுவாக 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் விடமாட்டார்கள். பாட்டில் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். கப்பலில் விதி நேர் எதிர். துறைமுக வாசலில் சுமைப் பணியாளரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டால் அது தனி வழியில் ஸ்கேனருக்குப் போகிறது. அதற்குள் ஒயின் இருந்தால், அனுமதிக்கப்பட்ட ஒயினே ஆனாலும், பெட்டி அறைக்கு வராமல் பாதுகாப்பு அலுவலகத்தில் நின்றுவிடலாம். ஆகவே துறைமுகத்துக்குக் கிளம்பும் முன்பே பாட்டிலை எடுத்துக் கைப்பைக்கு மாற்றிவிட வேண்டும். என் கணவர் பாட்டில்களை ஒரு பருத்திச் சட்டையில் சுற்றி எடுத்துவருவார். அந்தச் சட்டையோடேயே கைப்பைக்கு மாற்றினோம்.

சோதனை மேசையில் நடந்தது எனக்குப் பிடித்திருந்தது. எக்ஸ்ரே பெல்ட்டிலிருந்து பை வெளியே வந்ததும் அதிகாரி பாட்டில்களை எடுத்துத் தரச் சொன்னார். மூடியைச் சுற்றியிருந்த உறையை விரலால் தடவிப் பார்த்தார். பாட்டிலைத் திருப்பி 750 என்ற எழுத்தைப் படித்தார். எங்கள் இருவரின் கப்பல் அட்டைகளையும் பார்த்துவிட்டு, பாட்டில் கழுத்தில் ஒரு சிறிய சீட்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் முடிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர் பையில் ரம் இருந்தது. அவரைக் கூட்டத்தின் நடுவில் குற்றவாளிபோல் நிறுத்தவில்லை. ஓரமாக அழைத்துப் போய், இதைக் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி ரசீது எழுதிக் கொடுத்தார்கள். விதியைக் கறாராகக் காப்பதும் மனிதரை மதிப்பதும் ஒரே மேசையில் நடக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். இதற்கு முழு மதிப்பெண்.

அறையில் கொஞ்சம் குறை. கார்க் திருகி இல்லை. கண்ணாடி டம்ளர்கள் மட்டும் இருந்தன. அறைப் பணியாளரிடம் கேட்டதும் திருகியும் இரண்டு ஒயின் கிளாஸ்களும் கொண்டுவந்தார் என்பது உண்மைதான். ஒயின் கொண்டுவரலாம் என்று விதி வகுத்தவர்கள் அதை எதில் ஊற்றிக் குடிப்பது என்றும் யோசித்திருக்க வேண்டும். அறையிலேயே குடிக்க நினைத்தால் கார்க் இல்லாமல் திருகு மூடி போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். கத்தி வைத்த கார்க் திருகியை விமானக் கைப்பையில் எடுத்துப்போக முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். அட்டைப் பெட்டி ஒயின் வேண்டாம். பல நிறுவனங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

அறையில் குடித்த பாட்டிலுக்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனால்தான் கார்க்கேஜ், அதாவது பாட்டிலைத் திறந்து பரிமாறுவதற்கான கட்டணம். இதைக் கேட்டதுமே பலருக்குக் கோபம் வருகிறது: என் காசில் வாங்கியதைக் குடிக்க உனக்கு ஏன் பணம்? எனக்கு அந்தக் கோபம் இல்லை. கணக்கைப் பாருங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கிளாஸ் வரும். கட்டணம் 15 டாலர் என்றால் கிளாஸுக்கு 3 டாலர். பெரிய அமெரிக்கக் கப்பல்களில் ஒரு கிளாஸ் ஒயின் 10 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது; அதன்மேல் சேவைக் கட்டணம் உண்டு, அதை 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிளாஸுக்கு 59 டாலர் ஆகிவிடும். கடையில் நல்ல ஒயினாகப் பார்த்து வாங்கி, கட்டணத்தையும் கொடுத்தாலும் நமக்கு லாபம்தான்.

ஆனால் அந்த 15 டாலருக்கு ஈடாக மேசையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் மேசைக்கு வந்த ஒயின் பணியாளரைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. பாட்டிலை வாங்கியதும் அவர் பெயர்த்தாளை நிதானமாகப் படித்தார். எந்தச் சாப்பாட்டுக்குத் திறக்கலாம், முதலிலா, முக்கிய உணவோடா என்று கேட்டார். பொதுவாக ஒயின் கிளாஸ் ஏற்கெனவே மேசையில் இருக்கும். அவர் அதை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒயினுக்கான அகலமான கிளாஸ்களை வைத்தார். உறையை வட்டமாக வெட்டி, கார்க்கைச் சத்தமில்லாமல் இழுத்து, பாட்டில் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு என் கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றிக் காத்திருந்தார். கப்பலிலேயே வாங்கிய விலையுயர்ந்த பாட்டிலுக்கு என்ன செய்வாரோ அதில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

பாதி பாட்டில் மிஞ்சியது. “நாளைக்கு எடுத்து வைக்கட்டுமா, அம்மா?” என்று அவர் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். கழுத்தில் அறை எண்ணை எழுதிக் கட்டி எடுத்துப்போனார். மறுநாள் நாங்கள் வேறு தளத்தில், வேறு உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அறை எண்ணைச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் அதே பாட்டில் மேசைக்கு வந்தது. இரண்டாம் முறை கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடும் ஒரு கப்பலில் நம் பாதி பாட்டிலைத் தேடி எடுத்துக் கொண்டுவர ஒருவர் மெனக்கெடுகிறார் என்றால் அந்தக் கட்டணத்தை மனதாரக் கொடுக்கலாம்.

அடுத்து மதுபானப் பேக்கேஜ், அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டுப் பயணம் முழுக்கக் குடித்துக்கொள்ளும் திட்டம். ஏறியதிலிருந்தே இதை வாங்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வாங்கவில்லை. ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் மது அருந்தும் வயதுள்ள மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. கணவர் இரவில் இரண்டு விஸ்கி குடிப்பவர். எனக்கு ஒரு கிளாஸ் ஒயின் போதும். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பணத்தை எடுக்கவே முடியாது. அளவில்லாமல் என்று விளம்பரத்தில் தோன்றினாலும் அளவு உண்டு. கார்னிவலின் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானங்கள்தான். அவ்வளவு குடிக்கவும் கூடாது என்பது வேறு விஷயம். துறைமுகத்தில் இறங்கி நாள் முழுக்க வெளியே சுற்றப்போகிறவர்கள் பேக்கேஜுக்கு முன் நன்றாகக் கணக்குப் போடுங்கள்.

இனி என் குறை. நடுவில் ஒரு துறைமுகத்தில் கணவர் ஒரு விஸ்கி பாட்டில் வாங்கினார். திரும்பி ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இது பெரும்பாலான பெரிய கப்பல்களில் உள்ள நடைமுறை. கப்பல் கடையிலேயே வாங்கினாலும் பெரும்பாலும் கடைசியில்தான் கைக்கு வரும். அதில் வருத்தமில்லை. கடைசி இரவு அதைத் திருப்பிக் கொடுத்த விதம்தான் மோசம். இவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரே ஒரு மேசை. வரிசை நடைபாதையைத் தாண்டிப் படிக்கட்டு வரை நின்றது. பாட்டில்கள் அறை எண் வரிசையில் இல்லாமல் அட்டைப் பெட்டிகளில் கலந்து கிடந்தன. பணியாளர் ஒவ்வொன்றாக எடுத்து, கையால் எழுதிய ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கள் முறை வந்தபோது பாட்டில் கிடைக்கவில்லை. காலையில் வாருங்கள் என்றார்கள். இறங்கும் அவசரத்தில் காலையில் போய்த்தான் வாங்கினோம். முன்னால் நின்ற ஒரு முதியவர் கால் வலிக்கிறது என்று சொல்லி பாட்டிலை விட்டுவிட்டே போய்விட்டார். பணம் கொடுத்து வாங்கிய பொருள். கடைசி இரவில் அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது. ஏறும் நாளில் ஒரு நிமிடத்தில் வேலையை முடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

விஸ்கியை ஒளித்துக் கொண்டுபோவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். ஷாம்பு பாட்டில்போல், சன்ஸ்கிரீன் டியூப்போல், பைனாகுலர்போல் செய்த போலிக் குப்பிகள் விற்கின்றன. வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் வோட்காவை ஊற்றிச் சாயம் கலக்குகிறவர்கள் உண்டு. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடியைப் புதிதுபோல் ஒட்டும் வித்தை மிகவும் பெருகியதால் 2015இல் கார்னிவல் தண்ணீர் பாட்டிலுக்கே தடை போட்டது. சோடாவும் டின்னில்தான் வரலாம், ஆளுக்கு 12. சிலர் செய்த தந்திரத்துக்கு, குழந்தைக்குத் தண்ணீர் எடுத்துவரும் தாய் உட்பட எல்லோரும் விலை கொடுத்தார்கள்.

நிறுவனங்களுக்கு இதில் வியாபார நோக்கம் இருக்கிறது. மது விற்பனை அவர்களுக்குப் பெரிய வருமானம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாரில் வாங்கும் ஒவ்வொரு கிளாஸும் நம் கப்பல் அட்டையில் பதிவாகிறது. தள்ளாடுகிறவருக்கு அடுத்த கிளாஸை மறுக்கப் பணியாளரால் முடியும். அறைக்குள் ஒளித்து வைத்துக் குடிப்பவரை யார் நிறுத்துவது? வெளியே பால்கனி, கீழே கடல். கப்பலின் கைப்பிடிச் சுவர் 42 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டமே கொண்டுவந்தது. உயரமான கைப்பிடி நிதானமாக இருப்பவரைக் காக்கும். நிதானம் தவறியவர் அதன்மேலும் ஏறுவார். தயவுசெய்து ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். விஸ்கி வேண்டுமானால் பாரில் வாங்குங்கள். விலை அதிகம்தான், குறைத்துக் குடியுங்கள்.

மொத்தத்தில் சோதனை மேசைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஐந்துக்கு ஐந்து, அறைக்கு மூன்று, கடைசி இரவுக்கு ஒன்றுதான். அளவாக ஒயின் குடிக்கும் தம்பதிகளுக்கு இந்தக் கப்பலைத் தயங்காமல் சொல்வேன். துறைமுகங்களில் பாட்டில் வாங்கிச் சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள், இறங்கும் நாளுக்கு முந்தின இரவு சாப்பாட்டுக்கு முன்பே ரசீதோடு அந்த வரிசையில் போய் நின்றுவிடுங்கள்.