பண்ணையின் பெயரா, வயலின் பெயரா? போர்தோவும் பர்கண்டியும்

பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தால் லேபிளில் பெரிதாகத் தெரிவது ஒரு பண்ணையின் பெயர்: ஷத்தோ லதூர், ஷத்தோ மார்கோ, ஷத்தோ பால்மேர். அதே நாட்டின் பர்கண்டி பகுதிப் பாட்டிலில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு வயலின் பெயர், இல்லாவிட்டால் ஊரின் பெயர்: ஷம்பெர்த்தான், முசிஞி, வோன்-ரொமானே. செய்தவர் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். விலை, ருசி, வாங்கும் முறை என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் முக்கால்வாசி இந்த லேபிள் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனாலே புரிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மண்ணைத் தலையில் வைத்துக் கொண்டாடும் பர்கண்டியில்தான், யார் செய்தது என்று விசாரிக்காமல் வாங்குபவர் கையைச் சுட்டுக்கொள்கிறார்.

முதலில் போர்தோ. 1855-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் ஒரு தரவரிசை கேட்கப்பட்டது. அதைத் தயாரித்தவர்கள் ஒயின் தரகர்கள். அவர்கள் யாரையும் உட்கார வைத்து ருசி பார்க்கச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக எந்தப் பண்ணையின் ஒயின் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. அதை வைத்தே ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் நான்கு பெயர்கள்: லஃபீத், லதூர், மார்கோ, ஓ-பிரியோன். முதல் மூன்றும் மெதோக் பகுதியில் உள்ளவை. ஓ-பிரியோன் மட்டும் போர்தோ நகரத்தை ஒட்டிய கிராவ் பகுதி. அந்தப் பண்ணையின் ஒயினை லண்டனில் குடித்ததாக ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ் 1663-லேயே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இவ்வளவு பழைய புகழை விட்டுவிட தரகர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

அந்தப் பட்டியலில் பின்னால் நடந்த ஒரே பெரிய மாற்றம் 1973-ல். இரண்டாம் படியில் இருந்த மூத்தோன் ரோத்ஷில்டை முதல் படிக்கு ஏற்ற அதன் உரிமையாளர் பிலிப் தெ ரோத்ஷில்ட் பல பத்தாண்டுகள் போராடினார். அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜாக் ஷிராக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு பாட்டிலில் பிக்காசோவின் ஓவியம்.

இப்போது முக்கியமான விஷயம். 1855 தகுதி ஒட்டிக்கொண்டிருப்பது பண்ணையின் பெயரோடு. உரிமையாளர் அதே ஊரின் ஒயின் எல்லைக்குள் பக்கத்துக்காரரிடம் திராட்சை நிலம் வாங்கிச் சேர்த்தால், அந்த நிலத்தின் ஒயினும் அதே பெயரில், அதே தகுதியில் போகலாம். 1855-ல் இருந்த நிலம் வேறு, இன்றைக்கு இருக்கும் நிலம் வேறு. கேட்பதற்கு மோசடி மாதிரி இருக்கும். நடைமுறையில் அப்படி ஆகாததற்குக் காரணம் இரண்டாம் ஒயின் என்ற ஏற்பாடு. பெரிய பண்ணைகள் தங்கள் தரத்துக்கு எட்டாத பகுதிகளையும் இளங்கொடிகளையும் ஒதுக்கி, வேறு பெயரில் விற்றுவிடுகின்றன. லஃபீத்துக்கு கர்ருவாத், லதூருக்கு லெ ஃபோர், மார்கோவுக்கு பவியோன் ரூஜ். பெயர்தான் சொத்து என்பதால் அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

பல திராட்சை வகைகளின் கலப்பும் இவர்களுக்குக் கை கொடுக்கிறது. ஜிரோந்து ஆற்றின் இடது கரையில் சரளைக்கல் மண். நீர் தங்காது, பகல் சூட்டைப் பிடித்துவைக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞ்ஞோனுக்கு அது தோதான இடம். கூடவே முன்கூட்டிப் பழுக்கும் மெர்லோ, கொஞ்சம் கபர்னே ஃப்ரான், சில இடங்களில் பெத்தி வெர்தோ. ஒன்று மழையில் மாட்டினாலும் மற்றொன்று தப்பிக்கும். 2013 மாதிரி மோசமான ஆண்டில்கூடப் பெரிய பண்ணைகள் குடிக்கத்தக்க ஒயினைக் கொடுத்தன. லஃபீத்திடம் நூறு ஹெக்டேருக்கு மேல் நிலம் இருக்கிறது. தலையாய ஒயின் மட்டுமே ஆண்டுக்கு லட்சம் பாட்டிலுக்கு மேல். இந்த அளவில் இவ்வளவு நேர்த்தி என்பது போர்தோவின் சாதனை. பர்கண்டி ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்வதே இல்லை.

லஃபீத், லதூர் இரண்டும் பொய்யாக் என்ற ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு ஒரு குணம். லஃபீத் வடக்கு எல்லையில், சேந்-தெஸ்தேஃப் என்ற அடுத்த ஊரை ஒட்டி. வாசனையும் மென்மையும் அதன் பலம்; பென்சில் சீவிய மரவாசம் வரும் என்பார்கள். லதூர் தெற்கே, ஆற்றுக்கு வெகு அருகில். அடர்த்தி, துவர்ப்பு, பிடிவாதம். நல்ல ஆண்டின் லதூரைப் பத்து வயதில் திறப்பது பணத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதற்குச் சமம். பீப்பாயில் இருக்கும்போதே முன்பணத்துக்கு விற்கும் போர்தோ வழக்கத்தில் இருந்து லதூர் 2012-ல் விலகிவிட்டது. ஒயின் பக்குவமான பிறகு வெளியே விடுகிறார்கள். 1993-ல் அதை வாங்கிய பிரெஞ்சுத் தொழிலதிபர் ஃப்ரான்சுவா பினோவுக்கு அவ்வளவு காலம் சரக்கைக் கட்டிவைக்க வசதி இருக்கிறது, செய்கிறார். என்னைக் கேட்டால் முதல் படியில் என் வாக்கு லதூருக்குத்தான். ஆனால் பல நூறு யூரோ கொடுத்து வாங்குகிறவர்களின் பிரச்சினை அது. நமக்குப் பயன்படுவது கீழ்ப்படிகள்.

அங்கேதான் 1855 பட்டியல் பழசாகிப் போனது தெரியும். லின்ஷ்-பாஜ், போந்தே-கனே இரண்டும் ஐந்தாம் படி. விலையிலும் தரத்திலும் பல இரண்டாம் படிக்காரர்களைத் தாண்டிவிட்டன. போந்தே-கனே மூத்தோனுக்குப் பக்கத்து நிலம். குதிரை பூட்டி உழுது, ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கிறார்கள். பால்மேர் மூன்றாம் படி. ஆனால் மார்கோ ஊரில் ஷத்தோ மார்கோவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். இரண்டாம் படியில் உள்ள கோஸ் தெஸ்தூர்னெலுக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. அதை நிறுவிய லூயி-கஸ்பார் தெஸ்தூர்னெல் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு ஒயின் ஏற்றுமதி செய்தார். ஊரில் அவருக்கு மகாராஜா என்று பட்டப்பெயர். ஒயின் கிடங்குக்கு மேலே கோபுரங்களைக் கட்டிவைத்தார்; மெதோக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அவை இன்றும் சம்பந்தமில்லாமல் நிற்கின்றன.

வலது கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேந்-தெமிலியோனில் மெர்லோவும் கபர்னே ஃப்ரானும். தரவரிசை அவ்வப்போது திருத்தப்படும். ஒவ்வொரு முறையும் வழக்கு. 2006 பட்டியல் நீதிமன்றத்தில் செத்தே போனது. 2022 பட்டியலுக்கு முன்பு ஷெவால் ப்ளான், ஓசோன், ஆன்ஜெலூஸ் என்று உச்சியில் இருந்த மூன்று பண்ணைகள் விளையாட்டே வேண்டாம் என்று விலகிக்கொண்டன. பக்கத்தில் உள்ள பொமரோலில் தரவரிசையே கிடையாது. அங்கே நீலக் களிமண்ணில் சுமார் 11.5 ஹெக்டேரில் விளையும் பெத்ரூஸ் முதல் படிக்காரர்களைவிட அதிக விலைக்குப் போகிறது.

சரி, பர்கண்டிக்கு வருவோம். இங்கே சிவப்புக்கு ஒரே திராட்சை, பினோ நுவார். கலப்பு என்ற காப்பீடு இல்லை. தோல் மெல்லியது, மழைக்கும் பனிக்கும் பயந்தது. 2021 ஏப்ரல் உறைபனியில் விளைச்சல் சுருங்கிப்போனது. தகுதி வயலுக்கு: உச்சியில் கிராண்ட் க்ரூ, அடுத்து பிரமியே க்ரூ, அப்புறம் ஊர்ப்பெயர், கடைசியில் வெறும் பர்கண்டி. கோத் தோர் என்ற நீண்ட சரிவில் நடுவயிற்றில் இருக்கும் நிலத்துக்கு மதிப்பு அதிகம். இந்தத் துண்டு நிலப் பிரிவினையை யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பர்கண்டியின் பெருமையும் சிக்கலும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் க்ளோ தெ வூஜோவைப் பார்க்க வேண்டும். சிஸ்டர்சியன் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் இருந்து சேர்த்து, சுவர் எழுப்பிக் காத்த சுமார் 50 ஹெக்டேர் தோட்டம். பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயச் சொத்துகள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன. அப்புறம் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற நெப்போலியன் காலத்து வாரிசுச் சட்டம் பர்கண்டி முழுவதையும் தலைமுறைக்குத் தலைமுறை துண்டு போட்டது. இன்றைக்கு அந்த ஒரே சுவருக்குள் ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். ஒரே சர்வே எண்ணில் எண்பது பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு நாலைந்து வரிசைக் கொடிகள்தான் சொந்தம். மேல்பகுதி முசிஞியை ஒட்டிய சுண்ணாம்புச் சரிவு, அருமையான நிலம். கீழ்ப்பகுதி நெடுஞ்சாலையை ஒட்டிய தட்டைநிலம், ஈரம் தேங்கும். சட்டத்தின் கண்ணில் எல்லாமே கிராண்ட் க்ரூ. லேபிளில் எல்லாருக்கும் ஒரே பெயர். அக்கறையான ஆள் ஒருவர் மேலே செய்ததும், சோம்பேறி ஒருவர் கீழே செய்ததும் கடை அலமாரியில் அக்கம்பக்கமாக நிற்கும். சில நேரம் விலையில்கூட வித்தியாசம் பெரிதாக இருக்காது.

இதற்கு எதிர்க்கோடி, ஒரே கையில் இருக்கும் வயல்கள். மொரே-சேந்-தெனியில் உள்ள க்ளோ தெ தார் சுமார் 7.5 ஹெக்டேர், துறவியர் காலத்துக்குப் பிறகும் உடையாமல் ஒற்றை உரிமையாளரிடமே இருந்துவருகிறது. 2017-ல் அதை வாங்கியது லதூரை வைத்திருக்கும் அதே பினோ குடும்பம். வோன்-ரொமானேயில் ரொமானே-கோந்தி வெறும் 1.8 ஹெக்டேர். ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில். 1945-ல் 600 பாட்டில் மட்டுமே எடுத்து, பழைய கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டார்கள். 1952 வரை அந்தப் பெயரில் ஒயினே இல்லை. அந்த 1945 பாட்டில் ஒன்று 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. ஒயினின் ருசிக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை. எண்ணிக்கை குறைவு, கேட்பவர் அதிகம், அவ்வளவுதான்.

எண்ணிக்கை குறைவென்றால் போலிக்கும் வழி பிறக்கும். 2008-ல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு பொன்சோ பண்ணையின் க்ளோ சேந்-தெனி பாட்டில்கள் வந்தன. சிலவற்றில் 1945 என்று இருந்தது. பொன்சோ அந்த வயலின் ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான். பண்ணையின் லோரான் பொன்சோ நேரிலேயே கிளம்பிப் போய் அந்தப் பாட்டில்களை ஏலத்தில் இருந்து விலக்க வைத்தார். அந்த நூல் பிடித்துப் போனதில் போலி ஒயின் விற்றுவந்த ரூடி குர்னியாவான் அகப்பட்டு, 2014-ல் பத்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். போர்தோவிலும் போலி உண்டு. ஆனால் பண்ணை ஒன்றாகவும் பதிவேடுகள் ஒரே இடத்திலும் இருக்கும்போது சரிபார்ப்பது எளிது.

கிண்ணத்தில் எப்படி? போர்தோ கறுத்த சிவப்பு. கருந்திராட்சை, தேவதாரு, புகையிலை வாசம், நாக்கில் துவர்ப்பு. பர்கண்டி வெளிறிய சிவப்பு, விரலை மறுபக்கம் வைத்தால் தெரியும். செர்ரி, ராஸ்பெரி, வயதானால் காட்டுக் காளான், ஈரமண். துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். சுட்ட ஆட்டிறைச்சியோடு போர்தோவை வைத்தால் அதன் துவர்ப்பு அடங்கி இரண்டும் உயரும். பர்கண்டிக்கு வாத்தும் காளானும் பொருத்தம். உச்சத்தில் ஒப்பிட்டால் பர்கண்டிதான் மேலே போகிறது என்பது என் எண்ணம். நன்றாக அமைந்த ஒரு வோன்-ரொமானேயின் மணத்துக்கு இணையாக எந்த போர்தோவும் இல்லை. ஆனால் நன்றாக அமைய வேண்டுமே! பத்து பாட்டில் வாங்கினால் எத்தனை சொன்னபடி நடக்கும் என்று பார்த்தால் போர்தோ சுலபமாக ஜெயிக்கும்.

இந்தச் சண்டைக்கு வெளியே ரோன் பள்ளத்தாக்கு இருக்கிறது. என் பணம் அதிகம் போவது அங்கேதான். வடக்கே எர்மிதாஜ் குன்று, மொத்தமே சுமார் 136 ஹெக்டேர், சிரா திராட்சை. 19-ஆம் நூற்றாண்டில் போர்தோ வியாபாரிகள் தங்கள் சரக்கு மெலிந்திருக்கும்போது எர்மிதாஜைக் கலந்து தேற்றினார்கள். அப்படித் தேற்றிய ஒயினுக்குக் கூடுதல் விலையும் கிடைத்தது. மேலே சொன்ன இரண்டு வழிகளையும் இந்த ஒரே குன்றில் பார்க்கலாம். 1481 முதல் திராட்சை பயிரிட்டுவரும் ஷாவ் குடும்பம் குன்றின் பல துண்டுகளைக் கலந்து ஒரே எர்மிதாஜ் செய்கிறது, போர்தோ பாணி. ஷபூத்தியே நிறுவனம் லெ பவியோன், லெர்மித் என்று துண்டு துண்டாகவே பாட்டிலில் அடைக்கிறது, பர்கண்டி பாணி. என் ஓட்டு ஷாவுக்கு. இரண்டுமே விலை அதிகம் என்பதால், அதே ஊர்க்காரர்கள் செய்யும் க்ரோஸ்-எர்மிதாஜ், சேன்-ஜோசெஃப் பாட்டில்களைத் தேடுவது புத்திசாலித்தனம்.

பினோ நுவார் மீது ஆசை, பர்கண்டி விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் தெற்கே பொழோலேவுக்குப் போகலாம். 1395-ல் பர்கண்டி கோமகன் பிலிப், கமே திராட்சையை மட்டமானது என்று திட்டித் தன் நிலத்தில் இருந்து பிடுங்கச் சொன்னார். அந்த கமே பொழோலேவின் கருங்கல் மண்ணில் நன்றாகவே செழித்தது. அறுவடை முடிந்த கையோடு நவம்பரில் வரும் நுவோ என்ற இளம் ஒயினை வைத்து அதை எடைபோட வேண்டாம். மொர்கோன், மூலேன்-ஆ-வான் என்று பத்து இடங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. காரமான சாப்பாட்டோடு துவர்ப்பான போர்தோ குடித்தால் நாக்கு எரியும், கமே எரியவிடாது.

ஆக, வாங்கப் போகிறவருக்கு என் யோசனை இது. ஒரே ஒரு பாட்டில், ஏமாறக் கூடாது என்றால் போர்தோ. ஐந்தாம் படிப் பண்ணை ஒன்றோ, முதல் படிக்காரரின் இரண்டாம் ஒயினைவிட மலிவாகக் கிடைக்கும் நல்ல சேந்-தெஸ்தேஃபோ எடுங்கள். அடிமட்ட போர்தோவை விட்டுவிடலாம். விற்காமல் தேங்கிப்போய், 2023-ல் சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்க அரசே பணம் கொடுக்க முன்வந்த நிலைமை அங்கே. பர்கண்டி என்றால் வயலின் தகுதியை மறந்துவிட்டு செய்தவர் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல தயாரிப்பாளரின் சாதாரண ஊர்ப்பெயர் ஒயின், சுமாரான ஆளின் கிராண்ட் க்ரூவை அடிக்கடி தோற்கடிக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு.

எதை வாங்கினாலும் 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்பதை நம்ப வேண்டாம். பழைய பிரெஞ்சு வீட்டுக் குளிரை வைத்துச் சொன்ன பேச்சு அது. போர்தோவுக்கு 17 டிகிரி, பர்கண்டிக்கு 15, கமேக்கு இன்னும் கொஞ்சம் கீழே. சென்னை மே மாதத்தில் என்றால், திறப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும்.