15 ஆயிரம் ரூபாயோடு காதர்பேட்டை: மூன்று முறை போய்வந்த அனுபவம்

திருப்பூரில் பனியன், டீ ஷர்ட் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் சரக்கு எடுத்து வீட்டில் வைத்து விற்றால் கட்டுபடியாகுமா என்று எங்கள் குழுவில் இருக்கும் பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டு முன்னறையில் குழந்தைகள் துணியும் நைட் பேன்ட்டும் விற்கிறேன். காதர்பேட்டைக்கு இதுவரை மூன்று முறை போய்வந்திருக்கிறேன். கட்டுபடியாகும். ஆனால் நேரில் போக வேண்டும், ஒவ்வொரு பீஸையும் பிரித்துப் பார்க்க வேண்டும், சைஸை எண்ணி எடுக்க வேண்டும். இந்த மூன்றாவதை மட்டும் யாருமே எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

காதர்பேட்டைக்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். 100 டீ ஷர்ட் 8,500 ரூபாய், வீட்டுக்கே வரும், ஒன்றுக்கு இரண்டாக விற்கலாம் என்றார்கள். முழுப் பணத்தையும் முன்பே அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். வாய் தைத்த வெள்ளைச் சாக்கில் மூட்டை வந்தது. பிரித்ததும் சாய வாடை அடித்தது. 31 பீஸ் விற்கவே முடியாதவை. தோளில் எண்ணெய்க் கறை, பக்கத்தில் ஊசி ஓட்டை, ஒரு கை ஒரு நிறம் இன்னொரு கை வேறு நிறம் என்று இருந்தன. போன் செய்தால் "பிரிச்ச மூட்டைக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள். என் சீட்டுப் பணம் அது. அந்த மாதம் பாப்பாவின் பள்ளி வேனுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அம்மாவிடம் கேட்டேன். அப்போதே முடிவு செய்தேன், இனிக் கையில் பிடித்துப் பார்க்காத துணிக்குப் பணம் கொடுப்பதில்லை.

முதல் முறை போனபோது கையில் 15 ஆயிரம் வைத்திருந்தேன். மகளிர் குழுவில் வாங்கிய கடன் அது. விடியற்காலை 5 மணி பஸ். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. கோவில்வழியில் இறங்கி டவுன் பஸ் ஏறினால் ஊருக்குள் கொண்டுவந்து விடும், அரசு சாதாரண டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காதர்பேட்டை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். பெண்கள் ஸ்டேஷன் பக்கத்திலேயே காலைக்கடனை முடித்துக்கொண்டு போய்விடுங்கள், சந்துக்குள் நுழைந்தால் மத்தியானம் வரை வெளியே வர மாட்டீர்கள்.

கடைகள் சின்னச் சின்னது. பத்துக்குப் பத்து அறையில் கூரை வரை பண்டல் அடுக்கியிருக்கும், கடைக்காரர் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மலையாளமும் கன்னடமும் இந்தியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு தடவைக்கு நூறு பீஸ் எடுக்கும் என்னைப் போன்றவருக்கும், லாரியில் ஏற்றிப் போகிறவருக்கும் அதே கடைதான், அதே ஸ்டூல்தான். "எத்தனை பீஸ்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று பயந்துகொண்டே போனேன். நான் ஏறிய கடைகளில் யாரும் அப்படிச் செய்யவில்லை. இதற்காகவே இந்த இடத்தை எனக்குப் பிடித்துப்போனது.

இங்கே எடுப்பதற்கு முன்னால் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால், தையலிலும் சாயத்திலும் கொஞ்சம் கழியும் என்று கணக்குப் போட்டுக் கூடுதலாகவே வெட்டுவார்கள். கழியாமல் மிஞ்சியது சர்ப்ளஸ். செக்கிங்கில் தள்ளியது செகண்ட்ஸ். ஆர்டரே ரத்தாகி மொத்தமாக நின்றுபோனது ஸ்டாக் லாட். இது தவிர, உள்ளூர் மார்க்கெட்டுக்கென்றே தைத்த துணியும் அதே ரேக்கில் இருக்கும், அதையும் எக்ஸ்போர்ட் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. உள்ளூர்த் துணி மட்டம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் தெருவில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எக்ஸ்போர்ட் விலைக்கு அதை வாங்கக் கூடாது. உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்ப்பேன். துவைக்கிற முறையை ஐந்தாறு மொழியில் அச்சடித்த சின்ன நாடா அங்கே இருக்கிறதா, கழுத்து லேபிளைக் கத்தரித்த அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது, இருந்தாலும் பேச்சைத் தொடங்க அது போதும்.

நான் இப்போதும் போகிற கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முதல் நாள் குழந்தைகள் டீ ஷர்ட்டைத் தடவிப் பார்த்து "துணி லேசா இருக்கே தம்பி" என்றேன். அந்தத் தம்பி கோபப்படவில்லை.

"இருங்கக்கா, வெட்டியே காட்டறனுங்க."

கிழிந்த பீஸ் ஒன்றைத் தேடி எடுத்தார், அதே பண்டலில் வந்தது. வட்டமாக ஒரு கருவி, கையால் அழுத்தித் திருகினால் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதைச் சின்னத் தராசில் வைத்தார், 1.8 கிராம் காட்டியது.

"நூறால பெருக்குங்கக்கா. 180 ஜிஎஸ்எம். கொழந்தைக்கு இது போதுமுங்க, இதுக்கு மேல போனா வெயிலுக்கு ஆகாது."

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அந்த வட்டத் துண்டு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதனால்தான் நூறால் பெருக்குகிறார்கள். அப்புறம் அவரே பீஸைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். ஓட்டை இருந்தால் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரியும். கழுத்தைச் சுற்றியுள்ள இழுவைப் பட்டியை (ரிப்) இரண்டு விரலால் இழுத்து விட்டால் உடனே சுருங்க வேண்டும். இரண்டு பக்கத் தையலையும் சேர்த்து மடித்துப் பிடித்தால் நேராக விழ வேண்டும். துவைப்பதற்கு முன்னாலேயே கோணலாக விழுந்தால், துவைத்தபின் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்லை. அன்று அவரிடம் நான் வாங்கியது 3,900 ரூபாய்க்குத்தான்.

அன்றைய கணக்கை அப்படியே தருகிறேன். குழந்தைகள் டீ ஷர்ட் 60, ஒன்று 65 ரூபாய். குழந்தைகள் ஷார்ட்ஸ் 40, ஒன்று 45. லேடீஸ் நைட் பேன்ட் 30, ஒன்று 120. ஆண்கள் காலர் டீ ஷர்ட் 25, ஒன்று 150. மொத்தம் 155 பீஸ், 13,050 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 652. பஸ், சாப்பாடு, பார்சல் எல்லாம் சேர்த்து 600. ஆக 14,300 சொச்சம். வரியும் செலவும் ஒரு பீஸுக்குச் சராசரியாக 8 ரூபாய் ஏறுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த 8 ரூபாயை விட்டுவிட்டுத்தான் விலை போடுகிறார்கள்.

ஐந்து வாரத்தில் 118 பீஸ் போனது. டீ ஷர்ட் 120க்கும், ஷார்ட்ஸ் 80க்கும், நைட் பேன்ட் 190க்கும், காலர் டீ ஷர்ட் 250க்கும் விற்றேன். கைக்கு வந்தது 14,840. போட்ட பணம் திரும்பிவிட்டது, மேலே ஐந்நூறு ரூபாய். மிச்ச லாபம் முழுதும் 37 துணியாக பீரோ மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த 37-இல் 19 காலர் டீ ஷர்ட். அது என் பிழைதான். லாட்டாக, அதாவது சைஸ் பிரிக்காமல் மொத்தமாக எடுத்தால் பீஸுக்கு 20 ரூபாய் குறைக்கிறேன் என்றார்கள். நான் 20 ரூபாயைப் பார்த்தேன், சைஸைப் பார்க்கவில்லை. வீட்டில் வந்து எண்ணினால் எம் 3, எல் 4, எக்ஸ்எல் 6, டபுள் எக்ஸ்எல் 12. அதுவும் வெளிநாட்டு அளவு. அவர்களுடைய எம் நம் ஊர் ஆளுக்கு எல் மாதிரி இருக்கும், டபுள் எக்ஸ்எல் போட்டால் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். துணி அருமையான துணி, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் அந்த உடம்புக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் வேடசந்தூர் பக்கம் மில்லில் வேலை செய்கிற ஓர் அண்ணன் தன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒன்பது பீஸை 170 விலையில் எடுத்துப் போனார்.

குழந்தைத் துணியில் வேறு மாதிரிச் சிக்கல். லேபிளில் வயசு இருக்காது, 98, 104, 110, 116 என்று எண் மட்டும் இருக்கும். முதலில் ஏதோ குறியீட்டு எண் என்று நினைத்தேன். மாடிப்படிக் கடைத் தம்பிதான் சொன்னார், அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். 104 என்றால் நாலு வயசுக்குச் சரியாக இருக்கும், 116 ஆறு வயசுக்கு. ஆனால் நம் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஆறு வயசுப் பையன் 108 உயரம் இருப்பான், அவன் அம்மா "ஆறு வயசுக்குக் கொடுங்க" என்று வாங்கிப் போய் மறுநாள் மாற்ற வருவார்.

அதனால் என் வீட்டு முன்வாசல் நிலையில் டெய்லர் டேப் ஒன்றை ஆணியடித்து ஒட்டிவிட்டேன். கீழே தரையிலிருந்து 80-இல் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து டேப் தொடங்குகிறது. துணி வாங்க வருகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். செருப்பைக் கழற்றி, முதுகை நிலையோடு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். "குதிகாலைத் தூக்காதடா" என்று சொல்லாமல் ஒரு பையனையும் அளக்க முடிந்ததில்லை. அளந்ததும் நிலையிலேயே பென்சிலால் பெயர் எழுதிவிடுவேன். இரண்டாவது முறை காதர்பேட்டைக்குப் போனபோது அந்தப் பெயர்களை உயரவாரியாக ஒரு தாளில் எண்ணி எழுதிக்கொண்டு போனேன். 98-இல் 6, 104-இல் 14, 110-இல் 17 என்று கேட்டு வாங்கினேன். லாட் விலையைவிடப் பீஸுக்கு 8 ரூபாய் கூட வாங்கினார்கள். தாராளமாகக் கொடுத்தேன். அந்த முறை மிஞ்சியது நாலே பீஸ்.

ஈரோடு கனி மார்க்கெட்டுக்கும் ஒரு முறை போனேன், ஒப்பிட்டுச் சொன்னால் உதவும். அங்கே திங்கள் சாயந்திரம் தொடங்கி செவ்வாய் வரை வாரச் சந்தை. லுங்கி, துண்டு, பெட்ஷீட், நைட்டி, சேலை எடுக்க அதுதான் இடம். ராத்திரி முழுக்க வியாபாரம் நடக்கிறது. பெண்கள் தனியாகப் போனால் தங்க ஓர் இடம் பார்த்துக்கொண்டு போகணும், நான் அண்ணனோடு போனேன். பின்னல் துணிக்கு, அதாவது டீ ஷர்ட், பனியன், நைட் பேன்ட், குழந்தை ஜட்டிக்குக் காதர்பேட்டைதான். நெய்த துணிக்கு ஈரோடு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டிலும் அவசரமாக எடுப்பீர்கள்.

பில் விஷயம். சில கடைகளில் "பில் இல்லாம எடுத்தா வரி மிச்சம்" என்பார்கள். பில் இல்லாமல் நான் வாங்குவதில்லை. பார்சல் ஆபீஸில் மூட்டையைப் போடும்போது பில் கேட்பார்கள், மாற்ற வேண்டுமென்றால் கடையிலும் கேட்பார்கள். என் அளவு வியாபாரத்துக்கு நான் ஜிஎஸ்டி எண் எடுக்கவில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறேன், பொருள் விற்பவர்களுக்கு வருடம் 40 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். கேரளாவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள், வெளிமாநிலம் என்றால் கணக்கே வேறு, அதனால் மறுத்துவிட்டேன். சிறு தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு மட்டும் செய்திருக்கிறேன். அதற்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் பான் கார்டும் வைத்துப் போனிலேயே முடிந்துவிட்டது. முன்பு ஒருவர் என்னிடம் அதற்கு 1,500 ரூபாய் கேட்டார், யாரும் கொடுத்துவிடாதீர்கள்.

குறை என்று பார்த்தால் இரண்டு. காதர்பேட்டையில் துணியை மாற்றுவது கஷ்டம். மறுபடி அதே கடைக்குப் போகிறவர்களுக்குத்தான் மாற்றித் தருகிறார்கள், அதுவும் அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது. இன்னொன்று சந்துகள். 2023 ஜூனில் இங்கே பனியன் பஜாரில் தீப்பிடித்து வரிசையாகக் கடைகள் எரிந்தன. பண்டல் நடுவில் நிற்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும். உள்ளே போகும்போதே வெளியேறும் வழி எது என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

பார்சலுக்குத் தனியாக எழுத ஒன்றுமில்லை. இரண்டு மூட்டை வரை பஸ்ஸிலேயே லக்கேஜ் போட்டுக் கொண்டுவந்துவிடலாம், கண்டக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தீபாவளிச் சரக்குக்கு ஆவணி முடியும் முன் போகலாம் என்றிருக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் கடையில் நிற்க இடம் கிடைக்காது, விலையும் பேச முடியாது. நேற்று நிலையில் இருக்கிற பெயர்களை மறுபடி எண்ணினேன். போன வருடம் 110-இல் நின்ற ஒன்பது பேர் 116-ஐத் தாண்டிவிட்டார்கள். இந்த முறை 122-உம் எடுக்க வேண்டும், டேப்பில் அதற்கும் ஒரு கோடு போட வேண்டும்.